நண்டுக் குச்சியில் நண்டு எங்கே? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் பள்ளிக்கூடத்து டிபன் பாக்ஸ் பற்றிய பதிலில், "கிராப் ஸ்டிக் எப்போதாவது கொடுக்கலாம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். கிராப் ஸ்டிக் என்பது நண்டுச் சதை போலவே இருக்கும், ஒரு பக்கம் சிவப்பான குச்சி, பாக்கெட்டில் உறையவைத்து விற்பார்கள். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் வந்ததைவிட அதிகம். எப்போதாவது என்றால் எத்தனை நாளைக்கு ஒருமுறை, ஏன் தினமும் கூடாது, அது நண்டா மீனா என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். அதனால் இந்த மாதம் முழுக்க அதைப் பற்றியே பேசிவிடலாம்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. மீன் என்றாலே மூக்கைப் பிடித்துக்கொள்வாள். கிராப் ஸ்டிக் மட்டும் விரும்பிச் சாப்பிடுவாள், தினமும் நாலைந்து. "அது வெறும் மாவு" என்கிறார் மாமியார். "நண்டுதானே, சத்துதான்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
(வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்)

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. அது மீன்தான், ஆனால் மாவும் கலந்த மீன். நண்டு என்பது பெரும்பாலும் வாசனைக்குச் சேர்க்கும் சாறு மட்டும்தான், சில பாக்கெட்டுகளில் அதுவும் கிடையாது.

எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் சத்துக் கணக்கு தானாகப் புரிந்துவிடும். வடக்கே பேரிங் கடலில் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கும் அலாஸ்கா பொலாக் என்ற வெள்ளைச் சதை மீன்தான் இதற்கு முக்கியமான மூலப்பொருள். தென்கிழக்கு ஆசியத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் கேரளத்தில் கிளிமீன் என்று சொல்லும் வகையைப் பயன்படுத்துகின்றன. முள், தோல் நீக்கிய சதையை அரைத்து, குளிர்ந்த நீரில் திரும்பத் திரும்ப அலசுகிறார்கள். ரத்தம், கொழுப்பு, மீன் வாடை எல்லாம் அதில் போய்விடும். கூடவே தண்ணீரில் கரையும் புரதமும் வைட்டமின்களும், மீனில் இருந்த கொஞ்ச நஞ்ச ஒமேகா-3 கொழுப்பும் போய்விடுகின்றன. மிஞ்சுவது வெள்ளை வெளேரென்று, வாசனையே இல்லாத தசைப் புரதம். இதற்குத்தான் சுரிமி என்று பெயர். ஜப்பானிய மொழியில் அரைத்த சதை என்று அர்த்தம்.

இந்தச் சுரிமியை அப்படியே உறையவைத்தால் புரதம் கெட்டு, பிறகு என்ன செய்தாலும் கெட்டியாகச் சேராது. சர்க்கரையும் பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் உப்பும் கலந்து உறையவைத்தால் கெடாது என்று 1960 வாக்கில் ஜப்பானின் ஹொக்கைடோவில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் இது உலகம் முழுக்கப் போகும் தொழிலானது. இன்றைக்கு உங்கள் மகளின் தட்டில் இருக்கும் குச்சி இனிப்பாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். தொழிற்சாலையில் அந்தக் கட்டியை உருக்கி உப்புப் போட்டுப் பிசைந்து, கோதுமை அல்லது உருளைக்கிழங்கு ஸ்டார்ச், முட்டை வெள்ளைக்கரு, இன்னும் கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், வாசனைப் பொருள் எல்லாம் சேர்த்து, மெல்லிய ஏடாகப் பரப்பி ஆவியில் வேகவைத்து, நூல் நூலாகக் கீறிச் சுருட்டி, ஒரு பக்கம் சிவப்புப் பூசி வெட்டுகிறார்கள். வீட்டில் ஒரு குச்சியை எடுத்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள், பாய் சுருளைப் போல விரியும். இழை இழையாக வரும் அந்த "நண்டுச் சதை" அத்தனையும் கத்தி கீறிய கோடுகள்தான்.

இனி கணக்கு. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் கிராப் ஸ்டிக்கில் 95 கலோரி, புரதம் சுமார் 7.6 கிராம், மாவுச்சத்து 15 கிராம் (அதில் 6 கிராமுக்கு மேல் சர்க்கரை), கொழுப்பு அரை கிராம், சோடியம் 529 மில்லிகிராம். அதே 100 கிராம் வேகவைத்த அலாஸ்கா கிங் நண்டில் 97 கலோரி, புரதம் 19 கிராமுக்கு மேல், மாவுச்சத்து சுத்தமாகக் கிடையாது. கலோரி ஒன்றேதான், உள்ளே இருக்கும் சரக்குதான் வேறு. புரதம் பாதிகூட இல்லை, அதன் இடத்தில் மாவும் சர்க்கரையும் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் மாமியார் வாயில் போட்டதுமே இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஒரு குச்சி 15 முதல் 20 கிராம் இருக்கும். ஐந்து குச்சி என்றால் கிட்டத்தட்ட 85 கிராம் என்று வையுங்கள். ஒரு முட்டையில் இருக்கும் அளவு புரதம், சுமார் 13 கிராம் மாவுச்சத்து, 450 மில்லிகிராம் சோடியம். பெரியவர்களுக்கே நாளுக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. உங்கள் மகளின் கணக்கில் பெரிய பங்கை இந்த ஐந்து குச்சியே தின்றுவிடுகிறது. நான் கவலைப்படுவது இந்தத் தினசரி உப்புக்காகவும், மீனுக்குப் பதிலாக இதுவே போதும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காகவும்தான். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மூன்று குச்சி, தாராளமாகக் கொடுங்கள். மற்ற நாட்களில் முட்டை, பருப்பு, டோஃபு கொடுக்கலாம். வாடை பிடிக்காத பிள்ளைகள் பலரும் வாடை குறைந்த வெள்ளை மீனை மாவில் புரட்டி வறுத்துக் கொடுத்தால் சாப்பிட்டுவிடுகிறார்கள். கிராப் ஸ்டிக்கைப் பிடித்திருக்கிறது என்றால் மீனின் மென்மை அவளுக்குப் பிடித்திருக்கிறது, வாடைதான் பிடிக்கவில்லை. அந்த வழியாகப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: ஜிம்முக்குப் போகிறேன். கொழுப்பே இல்லாத புரதம் என்று நண்பர் ஒருவர் கிராப் ஸ்டிக்கைச் சிபாரிசு செய்தார். வாங்கலாமா?
(வாசகர், வேளச்சேரி, சென்னை)

கொழுப்பு இல்லை என்பது உண்மை. புரதத்துக்காக என்றால் வேண்டாம். 20 கிராம் புரதம் வேண்டுமென்றால் கால் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். அதோடு ஏறத்தாழ 40 கிராம் மாவுச்சத்தும் 1400 மில்லிகிராம் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும். மூன்று முட்டையில் கிட்டத்தட்ட அதே புரதம் கிடைக்கும், செலவும் பல மடங்கு குறைவு. சென்னையில் உறைந்த கிராப் ஸ்டிக் விற்கும் விலைக்கு நல்ல சங்கரா மீனே வாங்கிவிடலாமே. புரதத்தின் தரத்தில் குறை சொல்ல மாட்டேன், மீனும் முட்டையும் முதல் தரம்தான். அளவுதான் போதாது.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. சிறுநீரகமும் பலவீனமாகி வருகிறது, பாஸ்பரஸைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். "நண்டில் கொலஸ்ட்ரால் அதிகம், இதில் குறைவு" என்று அவரே கிராப் ஸ்டிக்கைத் தேடி வாங்கி வருகிறார். விடலாமா?
(வாசகி, பினாங்கு)

கொலஸ்ட்ரால் குறைவு என்று அப்பா சொல்வது சரிதான். 100 கிராமுக்கு 20 மில்லிகிராம்தான், கிங் நண்டில் 53, நீல நண்டில் நூறை ஒட்டி வரும். ஆனால் அவருக்கு இருக்கும் மூன்று பிரச்சினைகளில் எதற்கும் இந்தக் குறைவு உதவாது.

முதலில் சர்க்கரை. 100 கிராமில் 15 கிராம் மாவுச்சத்து என்றால், மூன்றில் ஒரு கப் சோறு சாப்பிட்ட மாதிரி. இது மீன்தானே என்று நினைத்து, சோற்றையும் வழக்கம்போல ஒரு பிடி பிடித்துவிட்டு, "இன்றைக்கு மீன் மட்டும்தானே கூடுதல், சர்க்கரை ஏன் ஏறியது?" என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டால் சோற்றில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து உப்பு. இதில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், உப்பு நீரில் வேகவைத்து உறையவைக்கும் கிங் நண்டில் சோடியம் இதைவிட இரண்டு மடங்கு. ஆகவே "நிஜ நண்டு என்றால் உப்புக் குறைவு" என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. வீட்டில் உயிர் நண்டு வாங்கி, நீங்களே உப்பை அளந்து போட்டுச் சமைத்தால்தான் அந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

உங்கள் அப்பா விஷயத்தில் நான் மிகவும் கவனிக்கச் சொல்வது பாஸ்பரஸைத்தான். கிராப் ஸ்டிக்கில் 100 கிராமுக்கு 282 மில்லிகிராம், கிங் நண்டிலும் ஏறத்தாழ அதே அளவு. பார்த்தால் சமம். ஆனால் நண்டில் அந்த 280-க்கு 19 கிராம் புரதம் கிடைக்கிறது, இதில் ஏழரைதான். இன்னொன்று, உணவில் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸை உடல் முழுதாக உறிஞ்சுவதில்லை, பதப்படுத்தும்போது சேர்க்கும் பாஸ்பேட்டை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிவிடுகிறது. பலவீனமான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. பாக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ட்ரைபாலிபாஸ்பேட், பைரோபாஸ்பேட் என்று இருக்கும், சில இடங்களில் ஈ450, ஈ451 என்று எண் மட்டும் போட்டிருப்பார்கள். பாஸ்பேட் சேர்க்காமலும் சில நிறுவனங்கள் செய்கின்றன. அப்பாவுடைய அடுத்த ரத்தப் பரிசோதனை வரும்வரை இதை நிறுத்தி வையுங்கள். பாக்கெட்டையே கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட அது நல்லது.

கேள்வி: இங்கே கடையில் "இமிடேஷன் கிராப்" என்றே எழுதி விற்கிறார்கள். போலி என்று அவர்களே ஒப்புக்கொண்டு விற்பது விநோதமாக இருக்கிறது. இப்படி எழுதுவது கட்டாயமா?
(வாசகர், நியூ ஜெர்சி)

நல்ல கேள்வி. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் குறிப்பிட்ட பொருள் இருக்கிறது. ஒரு உணவு இன்னொன்றுக்குப் பதிலாக வந்து, அதைப் போலவே இருந்து, சத்தில் அதைவிடக் குறைவாகவும் இருந்தால் "இமிடேஷன்" என்று போட்டாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. சத்தில் குறைவில்லை என்றால் அந்தச் சொல் தேவையில்லை. ஆக, அந்த லேபிளிலேயே இந்த மாதப் பத்தியின் பாதி பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சீஃபுட் எக்ஸ்டெண்டர் என்கிறார்கள். பிரான்சில் வெறுமனே சுரிமி என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

ஜப்பானில் இதை யாரும் போலியாக நினைப்பதில்லை. அங்கே அரைத்த மீனை ஆவியில் வேகவைத்துச் செய்யும் கமபோகோ பல நூற்றாண்டுப் பழக்கம். 1970-களின் தொடக்கத்தில் இஷிகாவா மாநிலத்தின் நானாவோ ஊரைச் சேர்ந்த ஸுகியோ என்ற நிறுவனம், சீனாவிலிருந்து ஜெல்லி மீன் வருவது தடைப்பட்டதால் செயற்கை ஜெல்லி மீன் செய்ய முயன்றது. அது சரிவரவில்லை, ஆனால் கையில் வந்ததை நறுக்கிப் பார்த்தபோது நண்டுச் சதை போல இருந்திருக்கிறது. அங்கிருந்து பிறந்ததுதான் இந்த நண்டுக் கமபோகோ. குச்சி வடிவம் அதற்குச் சற்றுப் பின்னால் வந்தது. கமபோகோவில் ஒரு வகை என்று நினைத்துச் சாப்பிட்டால் இது நல்ல பண்டம். நண்டு என்று நினைத்துச் சாப்பிட்டால்தான் ஏமாற்றம்.

கேள்வி: எனக்கு இறால், நண்டு இரண்டும் ஒத்துக்கொள்ளாது, உதடு வீங்கிவிடும். கிராப் ஸ்டிக்கில் நண்டே இல்லை என்கிறார்களே, சாப்பிடலாம் அல்லவா?
(வாசகி, கோயம்புத்தூர்)

தயவுசெய்து அப்படி நம்பிச் சாப்பிடாதீர்கள். வாசனைக்காக நிஜ நண்டுச் சாறு கொஞ்சம் சேர்ப்பது வெகு சாதாரணம். இரண்டு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கலாம், ஆனால் ஒவ்வாமைக்கு அந்தக் கொஞ்சமே போதும். உதடு வீங்கும் அளவுக்கு இருக்கிறது என்றால் சோதித்துப் பார்க்கிற விஷயமே இல்லை இது.

இதைவிட எனக்குப் பயம் தருவது எதிர்ப்பக்கம். மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் "இது நண்டுதானே" என்று சாப்பிட்டுவிடுகிறார்கள், இதன் முக்கியப் பொருளே மீன் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. முட்டை, கோதுமை, சோயா மூன்றும் பெரும்பாலும் இதில் உண்டு. கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளும் சூஷி (சோற்றோடு மீன், பெரும்பாலும் பச்சை மீன், வைத்த ஜப்பானியப் பண்டம்) கடையில் சோறும் நண்டும்தானே என்று நினைத்து மாட்டிக்கொள்வார்கள். விருந்துக்கு சாலட் செய்து வைக்கிறவர்கள், இதில் கிராப் ஸ்டிக் இருக்கிறது, மீனும் முட்டையும் கோதுமையும் இருக்கின்றன என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தால் புண்ணியமாகப் போகும்.

கேள்வி: அந்தச் சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து வருகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? நாங்கள் ஹலால் பார்ப்பவர்கள்.
(வாசகர், காயல்பட்டினம்)

எல்லாவற்றிலும் இல்லை, சிலவற்றில் உண்மை. கார்மைன் என்ற சாயம் கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுப்பது, பெரு நாட்டில்தான் அதிகம் உற்பத்தியாகிறது. லேபிளில் கார்மைன் என்றோ ஈ120 என்றோ இருக்கும். பாப்ரிகா மிளகாய்ச் சாறு, தக்காளியின் லைகோபீன் போட்டு நிறம் கொடுப்பவர்களும் உண்டு. நிறத்தோடு நின்றுவிடாதீர்கள், மிரின் என்ற ஜப்பானிய அரிசி மதுவையும் சுவைக்காகச் சேர்ப்பார்கள். மூலப்பொருள் பட்டியல் முழுவதையும் படியுங்கள், அல்லது ஹலால் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கிறேன். சூஷி கூடாது என்கிறார்கள். கிராப் ஸ்டிக் வைத்ததும் கூடாதா?
(வாசகி, துபாய்)

கிராப் ஸ்டிக் பச்சை மீன் இல்லை, தொழிற்சாலையிலேயே வெந்துதான் வருகிறது. பொலாக் மீனில் பாதரசமும் குறைவு, கர்ப்பிணிகள் சாப்பிட ஏற்ற மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை வைத்திருக்கிறது. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பாக்கெட் பிரித்து, அதே பலகையில் பச்சை மீனும் நறுக்கி, கடைக் கண்ணாடிப் பெட்டியில் பல மணி நேரம் இருப்பதில் லிஸ்டீரியா கிருமி வர வாய்ப்பு உண்டு. கடை சூஷியைத் தள்ளி வையுங்கள். வீட்டில் புது பாக்கெட் பிரித்து, ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். ஒமேகா-3 கிடைக்கும் என்று மட்டும் இதை நம்பாதீர்கள், அதற்கு மத்தி இருக்கிறது.

கேள்வி: எப்படிச் சமைத்தாலும் சவசவ என்று ஆகிவிடுகிறது. மசாலா போட்டு வறுக்க முடியாதா?
(வாசகர், கிள்ளான்)

ஏற்கனவே வெந்தது, அதனால் சூடு ஏறினால் போதும். வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் வதங்கி முடிந்த பிறகு கடைசி இரண்டு நிமிடத்தில் போட்டுப் புரட்டி இறக்குங்கள். உப்பு போடவே வேண்டாம், இருக்கிற உப்பே தாராளம். பல பாக்கெட்டுகளில் ஒவ்வொரு குச்சியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும், முனையைக் கிள்ளி இழுத்தால் முழுசாக வரும். மேசையிலேயே சூப்பைக் கொதிக்கவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட் விருந்தில் அந்த உறையோடேயே குச்சியைக் கொதிக்கிற சூப்பில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு கண் வையுங்கள்.

கேள்வி: சளி பிடித்தால் அம்மா நண்டு ரசம் வைப்பார். இங்கே நல்ல நண்டு கிடைப்பதில்லை. கிராப் ஸ்டிக் போட்டு வைத்தால் அந்தப் பலன் வருமா?
(வாசகி, லண்டன்)

வராது. நண்டு ரசத்தின் சாரம் ஓட்டிலும் காலிலும் இருக்கிறது. அம்மா காலை உடைத்து, ஓட்டோடு இடித்துக் கொதிக்கவிட்டிருப்பார், அந்த ருசி அங்கிருந்து இறங்குவது. அலசி அலசி வாடை எடுத்த மீனைப் போட்டு எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் ரசத்தில் இறங்க அதில் ஒன்றும் இல்லை, ஸ்டார்ச் கரைந்து ரசம் கலங்கும், கொஞ்சம் தித்திக்கும், அவ்வளவுதான். சத்திலும் அப்படித்தான். கிங் நண்டில் 100 கிராமுக்கு ஏழரை மில்லிகிராம் துத்தநாகம் இருக்கிறது, இதில் ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குதான். பி12 வைட்டமின் அதில் 11 மைக்ரோகிராமுக்கு மேல், இதில் அரை மைக்ரோகிராமை ஒட்டி.

லண்டன் மீன் கடைகளில் பிரவுன் கிராப் கிடைக்கும், முழுதாக வேகவைத்தே விற்பார்கள். சதையை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, காலையும் நகத்தையும் தூக்கிப் போடாமல் நன்றாகத் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். வடிகட்டிவிட்டு, புளிக்குப் பதில் தக்காளி போட்டால்கூட நன்றாக வரும். சளிக்கு அந்தச் சூடும் மிளகும்தான் முதலில் வேலை செய்யும், மூக்கு திறந்துகொள்ளும். நண்டே கிடைக்காத வாரத்தில் கோழி எலும்பு போட்டு அதே மிளகு ரசம் வையுங்கள். கிராப் ஸ்டிக் பாக்கெட் அப்படியே ஃப்ரீசரில் இருக்கட்டும், சளி போன பிறகு சாலட்டுக்கு ஆகும்.